படுவான்கரை டபுள் கப் ஒன்றும் இரண்டு செட் டயரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அத்தானின் டபுள் கப் பிக்கப் வண்டி என் கராஜுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். பின் இருக்கையிலிருந்து இறங்கிய மாமி கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். அன்று அவருக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கிளினிக். இடுப்பெலும்பில் சத்திரசிகிச்சை செய்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "மனே, முதல் இருந்த சக்கரத்தோட இந்த வாகனம் நல்லம். இப்ப கரத்தையில போற மாதிரி இருக்கு" என்றார். அத்தான் வாய் திறக்கவில்லை. இரண்டு கிழமைக்கு முன் நான்கு புது டயரையும் ஆசையாகப் போட்டவர் அவர்தான்.

பெரிய டயர் போட்டுவிட்டு வண்டி உலுக்குகிறது என்று என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலானோர் அதைச் சகித்துக்கொண்டு ஓடுகிறார்கள். வயலுக்குப் போகும் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. இந்த ஒரு வண்டியில் நான் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்பிலிருந்து எழுதுகிறேன்.

வண்டியும் அதன் வேலையும்

வண்டி 2010ஆம் ஆண்டு மிட்சுபிஷி எல்200, டீசல். முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங், பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங் பட்டை. கூடவே வந்த டயர் அளவு 245/70/16. வீடு படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஆயித்தியமலைப் பக்கம். வயல் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டையில், அதாவது வயல்வெளியில். நகரத்துக்கு வருவதென்றால் வவுணதீவால் வந்து வலையிறவுப் பாலம் கடக்க வேண்டும். விதைநெல், உரம், அறுவடை மூடை எல்லாம் இதில்தான் போகும். மாமியின் கிளினிக்கும் இதில்தான்.

அத்தான் பகட்டுக்காக டயர் மாற்றியவர் இல்லை. முந்திய பெரும்போகத்தில் உழவு மெஷின் ஓடி ஓடி வயல் பாதையில் இரண்டு பக்கமும் சுவடு ஆழமாக விழுந்திருந்தது. நடுவில் மேடு. அந்த மேட்டில் பின் அச்சின் டிஃபரன்ஷல் பெட்டி போய் உட்கார்ந்து, சக்கரம் இரண்டும் சும்மா சுழன்றதாம். அந்த இடத்தில் உயரம் வேண்டும் என்று நினைத்தது சரியான நினைப்புத்தான்.

கடையில் அவருக்குக் கொடுத்தது 265/75/16, பத்துப் பிளை, சேற்றுக்கென்றே செய்த எம்.டி. டயர். "வயலுக்குப் போற வண்டிக்கு இதுதான் சரி" என்று சொல்லி, நான்குக்கும் 45 பி.எஸ்.ஐ. (காற்றமுக்கத்தின் அளவு) காற்று அடித்து அனுப்பியிருக்கிறார்கள். பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத் தேதியைப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. டயர் செய்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும். புதுவிலைக்குப் பழைய டயர் கொடுத்ததில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மாமியின் இடுப்புவலிக்கு முக்கிய காரணம் அதுவல்ல என்பது பிறகு தெரிந்தது.

முதல் நாள் பார்த்தவை

பெரிய டயர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று விஷயம் இருக்கிறது. உயரம் ஒன்று, பக்கச் சுவரின் இறுக்கம் ஒன்று, எடை ஒன்று. அத்தானுக்கு வேண்டியிருந்தது முதலாவது மட்டும். மற்ற இரண்டும் கேட்காமலே சேர்ந்து வந்துவிட்டன.

உயரக் கணக்கு எளிது. 245 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை வீதம் என்பது. 16 றிம்மின் அங்குலம். ஆக, பழைய டயரின் பக்கச் சுவர் 171.5 மில்லிமீற்றர், முழு உயரம் 749. புதிய 265/75/16இன் முழு உயரம் 804. வித்தியாசம் 55. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், 27 மில்லிமீற்றர். அச்சு சக்கரத்தின் நடுவில்தானே இருக்கிறது! இதைச் சொன்னபோது அத்தானின் முகம் கொஞ்சம் வாடியது. இரண்டு அங்குலம் கிடைத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

எடையைப் பார்க்க, றிம்மோடு ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பக்கத்து நெல் மில்லுக்குக் கொண்டுபோனோம். மூடை நிறுக்கும் தராசில் வைத்தால் 35 கிலோ. வீட்டில் கிடந்த பழைய டயர் ஒன்றை அதே மாதிரி றிம்மோடு நிறுத்தால் 24. ஒரு சக்கரத்துக்கு 11 கிலோ கூடுதல். இந்தப் பாரம் ஸ்பிரிங்குக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது. பெட்டியில் 11 கிலோ உரம் கூட ஏற்றினால் யாருக்கும் தெரியாது. சக்கரத்தில் 11 கிலோ கூடினால், ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்பும் அந்தப் பாரத்தை ஷொக் அப்சோபர்தான் பிடித்து அடக்க வேண்டும். கிரவல் ரோட்டில் அடுக்கடுக்காக விழும் அலையில் அது பிடித்து முடிக்கு முன் அடுத்த அலை வந்துவிடுகிறது.

இறுக்கத்துக்கு வருவோம். பத்துப் பிளை என்றால் உள்ளே பத்து அடுக்கு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பருத்தி நூலில் டயர் செய்த காலத்துப் பலக் கணக்கு அது. நூல் மாறிப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பலம் உண்மையானது. இந்த டயரின் பாரச் சுட்டி 123, அதாவது ஒரு டயர் 1550 கிலோ தாங்கும். நான்கும் சேர்ந்து ஆறு தொன்னுக்கு மேல். முழுப் பாரத்தோடு இந்த வண்டி மூன்று தொன்னுக்குள்தான். வெறும் பெட்டியோடும் பின் இருக்கையில் ஒரு வயதான அம்மாவோடும் ஓடும்போது அந்தப் பக்கச் சுவர் மடங்கவே மடங்காது. மடங்காத டயர் மேட்டை விழுங்காமல் அப்படியே மேலே அனுப்பிவிடும்.

அதற்கு மேல் 45 காற்று. டயரின் சுவரில் 80 பி.எஸ்.ஐ. என்று இருப்பதைப் பார்த்து, குறைத்துத்தான் அடித்திருக்கிறோம் என்று கடையில் நினைத்திருக்கலாம். அந்த 80, அந்த டயர் தன் முழுப் பாரத்தையும் தாங்குவதற்கான காற்று. இந்த வண்டிக்கு எவ்வளவு என்று அது சொல்லவில்லை. டயர் என்பதும் ஒரு ஸ்பிரிங்தான். காற்றமுக்கம் கூடினால் ஏறத்தாழ அதே விகிதத்தில் அதுவும் இறுகும்.

சுண்ணாம்பில் ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை. பின் டயரின் நிலம் தொடும் முகத்தில் குறுக்காகத் தடித்த கோடு ஒன்று சுண்ணாம்புக்கட்டியால் போட்டேன். கராஜ் வாசலில் இருந்து நேராக ஐம்பது அடி ஓட்டச் சொன்னேன். இறங்கிப் பார்த்தால் நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அழிந்திருந்தது. இரண்டு ஓரமும் போட்டபடியே வெள்ளையாக. 265 மில்லிமீற்றர் அகல டயர் வாங்கி, அதில் மூன்றில் ஒரு பங்கில் அத்தான் ஓடிக்கொண்டிருந்தார். அவர் குனிந்து விரலால் அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றும் அன்றே தெரிந்தது. முன் வலது ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்து, புழுதி பிடித்துக் களிமண் மாதிரி ஒட்டியிருந்தது. அது டயர் மாற்றுவதற்கு முன்பே பழுதாகியிருக்க வேண்டும். மெல்லிய டயரில் மறைந்திருந்த குறையை இந்தப் பாரமான டயர் வெளியே காட்டிவிட்டது. எல்லாப் பழியையும் டயரில் போடுவது நியாயமில்லை. ஸ்டியரிங்கை முழுதாகக் கிறுக்கினால் டயரின் தோள் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசுகிறது. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஒவ்வொன்றாக மாற்றியது

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதனால் ஒரு நேரத்தில் ஒன்று. வீதியும் ஒன்றே: வீட்டிலிருந்து வயலுக்குப் போகும் கிரவல் துண்டு. வேகமும் ஒன்றே, மீற்றரில் பார்க்காமல் போனில் ஜி.பி.எஸ். பார்த்து 40. மீற்றரை நம்பாததற்குக் காரணம் உண்டு. 804 மில்லிமீற்றர் டயர் ஒரு சுற்றுக்கு 7 வீதம் கூடத் தூரம் போகிறது. மீற்றர் 40 காட்டும்போது வண்டி ஓடுவது ஏறக்குறைய 43. அத்தான் இரண்டு கிழமையாகத் தான் நினைத்ததைவிட வேகமாகவே குழியில் விழுந்திருக்கிறார்.

இதே கணக்கால் எண்ணெய்ப் பயமும் பாதி தீர்ந்தது. லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடிய வண்டி 9.6 ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தார். மீற்றர் தூரத்தையும் 7 வீதம் குறைத்துக் காட்டுவதால், உண்மையில் அது 10.3. குறைந்தது உண்மை, பயந்த அளவுக்கு இல்லை.

முதலில் காற்றை மட்டும் 45இல் இருந்து 35க்கு இறக்கினேன். அதற்குக் கீழே இந்த வகை டயரை இறக்க எனக்கு மனம் வரவில்லை. இது எல்.டி. வகை, பாரம் ஏற்றும் வண்டிக்கென்று செய்தது. அந்த வகை டயர் அதே பாரத்தைத் தாங்கச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றுக் கேட்கும். கதவோர ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அப்படியே இதில் அடித்தால் மூடை ஏற்றும் நாளில் டயர் சூடேறிவிடும். 35இல் நல்ல மாற்றம் தெரிந்தது. பின்னுக்கு உதைப்பு குறைந்தது. சுண்ணாம்பு இப்போது ஓரம் வரை, கொஞ்சம் மிச்சம் வைத்து அழிந்தது.

காலையில் வண்டி ஓட முன் அளந்த காற்றையும், நகரம் வரை ஓடி வந்தபின் அளந்ததையும் ஒப்பிடுவது என் வழக்கம். சாதாரண வேகத்தில் நாலு பி.எஸ்.ஐ. அளவு ஏறினால் காற்று சரி. அதைவிட அதிகம் ஏறினால் டயர் அளவுக்கு மேல் மடங்கிச் சூடாகிறது, காற்று காணாது. ஏறவே இல்லை என்றால் டயர் மடங்கவில்லை, காற்று கூடிப்போயிருக்கிறது. 45இல் ஏறியது ஒன்றுதான். 35இல் மூன்று.

அப்புறம் முன் ஷொக் அப்சோபர் இரண்டையும் மாற்றினோம். ஒன்றுதான் பழுது, ஆனால் இதைச் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். முன் பக்கத் துள்ளல் அடங்கியது. அத்தானுக்குச் சந்தோஷம், இதோடு விடலாம் என்றார். ஆனால் காபட் (தார்) வீதியில் 60க்கு மேல் டயர் பற்களின் இரைச்சல் உள்ளே இருந்து கதைக்க விடவில்லை. அடுத்த கிளினிக் நாளில் மாமியைக் கேட்டேன். "காணும் மனே, போன முறைக்கு இப்ப பரவாயில்ல" என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று சொல்கிற பதில் அது.

எதை வாங்குவது

இரண்டு கிழமைக்கு ஒரு வேலை கொடுத்தேன். எந்த நாள் எந்த வீதியில் எவ்வளவு ஓடினார் என்று எழுதி வைக்கச் சொன்னேன். கொப்பியில் கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசிக்குக் கிட்டக் காபட்டும் கொங்கிரீட்டும். மிச்சத்தில் பெரும்பகுதி கிரவல். வயல் பாதை கைவிரலில் எண்ணும் தூரம். அதிலும் உண்மையான சேறு வருவது மாரியில்தான், கார்த்திகையில் இருந்து தை வரை. அந்த மூன்று மாதத்தின் சில கிலோமீற்றருக்காக வருடம் முழுவதும் சேற்று டயரில் ஓடிக்கொண்டிருந்தோம். டயர் வாங்க முன் யாரும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பது என் அபிப்பிராயம். அளவும் பிராண்டும் அதற்குப் பிறகு.

அக்காவின் மூத்த மகனுக்கு வேறு ஆசை. 18 அங்குல றிம் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்றான். கணக்கை அவனையே போடச் சொன்னேன். 265/70/16 முழு உயரம் 777, பக்கச் சுவர் 185.5. 265/65/17 முழு உயரம் 776, பக்கச் சுவர் 172. 265/60/18 முழு உயரம் 775, பக்கச் சுவர் 159. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரம், வயலில் மூன்றும் ஒன்றேதான். ஆனால் றிம் பெருக்கப் பெருக்க, றிம்முக்கும் நிலத்துக்கும் நடுவில் மடங்குகிற ரப்பரும் காற்றும் குறைந்துகொண்டே போகிறது. 16இல் இருந்து 18க்குப் போனால் 26 மில்லிமீற்றர் மெத்தை இல்லாமல் போகும். பொடியன் எண்களைத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, பாட்டி இருக்கும் பக்கம் ஒரு முறை பார்த்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுக்கவில்லை.

எனக்கு உண்மையில் பிடித்தது 245/75/16. உயரம் 774, அகலம் பழையதே, அதனால் பாரமும் குறைவு, உரசலும் வராது. ஆனால் நாங்கள் கேட்ட கடைகளில் அந்த அளவில் இருந்தது பத்துப் பிளை மட்டும். மறுபடியும் அதே இறுக்கத்துக்குள் போக நான் விடவில்லை.

முடிவில் எடுத்தது 265/70/16, வீதிக்கும் கிரவலுக்கும் பொதுவான ஏ.டி. வகை, சாதாரண கட்டமைப்பு, பாரச் சுட்டி 112. பத்துப் பிளையில் இருந்து இதற்கு இறங்குவது ஆபத்து இல்லையா என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. வண்டியோடு வந்த 245/70/16இன் சுட்டி 107, அதாவது ஒரு டயர் 975 கிலோ. 112 என்றால் 1120 கிலோ. கம்பனி கொடுத்ததைவிடக் கூடுதலாகவே தாங்கும். கூராகக் கல் கிடக்கும் பாதையில் தினமும் ஓடுகிறவர் என்றால் பத்துப் பிளைக்கு நானே ஆதரவு சொல்லியிருப்பேன். சுவர் கிழிந்தால் ஒட்ட முடியாது. உன்னிச்சை வட்டையில் கிடப்பது சேறும் கிரவலும்.

பழைய ஏழு அங்குல அகல றிம்மே இதற்குப் போதும், றிம் மாற்றவில்லை. தேதி பார்த்து வாங்கினோம். உதிரிச் சக்கரத்துக்கும் ஐந்தாவது டயர் ஒன்று எடுத்தோம். நான்கு பெரியதும் ஒன்று சின்னதுமாக இருந்தால், நான்கு சக்கர ஓட்டத்தில் அந்தச் சின்னது போட்ட நேரம் கியர்ப் பெட்டிக்குக் கேடு. புதியதைப் பெட்டிக்கு அடியில் ஏற்றிப் பார்த்து, இடம் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் காசு கொடுத்தோம். றிம்மோடு மில்லுத் தராசில் 27.5 கிலோ.

எம்.டி. டயர் நான்கையும், மாதவணைப் பக்கம் மாட்டுப் பட்டிகளுக்குப் பால் எடுக்கப் போகும் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவருடைய பாதைக்கு அது பொருத்தமான டயர். அத்தானுக்கு இதில் நட்டம்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை.

போட்டபின்

வெறும் வண்டிக்கு முன்னும் பின்னும் 30 காற்று. நெல் மூடை ஏற்றும் நாளில் பின்னுக்கு மட்டும் 36. வயல் சேற்றில் இறங்க முன் நான்குக்கும் 20, அதுவும் மாட்டு வண்டி வேகத்தில். கிரவலுக்கு ஏறியதும் நின்று திரும்ப அடிக்க வேண்டும். அதற்காகப் பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றைப் பின் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறார். 20 காற்றோடு காபட்டில் 60இல் ஓடினால் பக்கச் சுவர் சூடாகி உள்ளே நூல் அறும், வெளியே ஒன்றும் தெரியாது. இதை அத்தானிடம் மூன்று தரம் சொன்னேன்.

30இல் ஓட்டிச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தபோது இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை ஒரே சீராக அழிந்திருந்தது. நகரம் வந்து அளந்தால் 34. மட்கார்டில் உரசல் இல்லை. அலைன்மெண்ட் புதிதாகப் பார்த்துக் கொடுத்தேன். மீற்றர் இப்போதும் 3.7 வீதம் குறைத்துத்தான் காட்டுகிறது, 60இல் உண்மை வேகம் 62. எண்ணெய், திருத்திய கணக்கில் லீற்றருக்கு 10.9 கிலோமீற்றர்.

மாமியிடம் டயர் மாற்றியதை வேண்டுமென்றே சொல்லவில்லை. கிளினிக் நாளில் வலையிறவுப் பாலம் ஏறும்போது பின்னால் சத்தமே இல்லை என்று அத்தான் திரும்பிப் பார்த்தாராம், மாமி கண்ணயர்ந்திருந்தார். கராஜில் இறங்கியதும் என்னைத்தான் கேட்டார்: "மறுகாவும் பழைய டயரையா போட்டிருக்கீங்க?" என் கொப்பியில் இருக்கும் எல்லா எண்ணையும்விட இந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 28 மில்லிமீற்றர் உயரமான டயரில் வந்திறங்கிய ஒருவர் அதைப் பழைய டயர் என்று நினைத்திருக்கிறார்.

இழந்தது இல்லாமல் இல்லை. முதல் செட் 27 மில்லிமீற்றர் உயர்த்தியது, இது 14 மட்டும். மார்கழி மழையில் ஒரு நாள் வயல் பாதையில் வண்டி மறுபடி இருந்துவிட்டது. அதே நடு மேடு, அதே இடம். காற்றை 20க்கு இறக்காமலே உள்ளே போயிருக்கிறார். இறக்கிய பிறகு பின்னுக்கு எடுத்து வெளியே வர முடிந்தது, ஆனால் முன்னுக்குப் போக முடியவில்லை. உரமூடையை உழவு மெஷின் பெட்டிக்கு மாற்றித்தான் கொண்டுபோனார்கள். எம்.டி. டயர் இருந்திருந்தால் போயிருக்குமா? போயிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். மழை விட்டபின் அந்த இடத்துக்கு இரண்டு லோட் கிரவல் கொட்டிச் சுவட்டை நிரப்பினார்கள்.

எட்டாயிரம் கிலோமீற்றர் ஓடியபின் காடிகளின் ஆழத்தை அளந்தேன். நான்கிலும் நடுவும் ஓரமும் ஒரே அளவு. உதிரியையும் சேர்த்து ஐந்து சக்கரத்தையும் சுற்றி மாற்றிப் போட்டோம். அடுத்த சுற்று பெரும்போக அறுவடை முடிந்து, மூடை எல்லாம் ஏற்றி இறக்கியபின்.